மருந்துக்கடைப் பெட்டியும் தீர்ந்துபோன வெந்நீரும்

வியாழக்கிழமை பிற்பகல், பாசோ செய்போ அரசுப் பள்ளியின் சாப்பாட்டுக் கூடத்தில் நீள மேசையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். யார் எங்கே இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பின்னால் குழப்பம் வராது.

மேசையின் தலைமாட்டில் தலைமையாசிரியை மிர்த்தா லாரஞாகா. அவருக்கு வலப்பக்கம் ஆறாம் வகுப்பு ஆசிரியை கரீனா. மத்தேக் குடுவையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் அவள் கையில் இருந்தன; மத்தே என்பது இலைமேல் வெந்நீர் ஊற்றி, குழலால் உறிஞ்சி, கைமாற்றிக் குடிக்கும் கசப்புத் தேநீர். அன்றைக்கு எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்தது அவள்தான். அவளுக்கு அடுத்து, ஜன்னலோரம், மருந்துக்கடை ஒராசியோ. எதிர்ப்பக்கத்தில், அடுக்களைக்குப் போகும் நடைவழிக்கு முதுகைக் காட்டியபடி, பள்ளி உதவியாளர் இர்மா குவாத்ரோ. மேசையின் கால்மாட்டில் பெற்றோர் குழுத் தலைவரும் தீவனக்கடை முதலாளியுமான ஊரே மரியாதையாகத் ‘தொன்’ போட்டு அழைக்கும் ஏபெர் ஃபகுந்தெஸ். கடைசியாக வந்து உட்கார்ந்தவர் அவர்தான். அவருடைய மத்தேச் சாமான் தோல்பை நாற்காலிக்கு அடியில், இரண்டு பூட்ஸுக்கும் நடுவில் இருந்தது.

மேசைமேல் ஊரின் பரண்கள் எல்லாம் காலியாகிக் கிடந்தன: செத்த செல்போன்கள், பாம்புபோல் பின்னிக்கொண்ட சார்ஜர்கள், பல்லுப்போன கீபோர்டுகள், யாரோ ஒரு மாமியாரின் ரேடியோ. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய்த் திரட்டியவை. வெள்ளிக்கிழமை தலைநகரிலிருந்து லாரி வந்து எடைபோட்டு வாங்கிக்கொள்ளும். அந்தக் காசில் பிள்ளைகள் கடலைப் பார்க்கப் போவார்கள். பெரிய சாமான்கள் அடுக்களைக்கு எதிரே இருந்த நூலக அறையில். வெளியே மழை. மழை வந்தால் மாவு பொரிக்காத வீடு அந்த ஊரில் இல்லை. இர்மாவும் ஒரு தட்டு நிறையத் தோர்த்தா ஃப்ரித்தா பொரித்து வைத்திருந்தாள். ஒரே குடுவை, ஒரே உறிஞ்சுகுழல், சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

ஐந்து மணிக்கு எல்லாரும் எழுந்தார்கள். மிர்த்தா நூலகத்தைப் பூட்டிச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை திறந்து சரிபார்த்தபோது ஒன்று குறைந்தது. மருந்துக்கடையின் பழைய கேமரா பதிவுப் பெட்டி.

வெள்ளி, காலை பத்து மணி.

சார்ஜென்ட் சுல்மா தெச்சேரா சொட்டச் சொட்ட நனைந்து, அக்குளில் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அவளும் இதே பள்ளியில் படித்தவள்தான். மிர்த்தாவுக்கு அவள் இன்னும் மூன்றாம் வகுப்பு சுல்மா.

“வா சுல்மா. காலைத் துடைச்சிட்டு வா. உனக்குப் பெரிய வேலை ஒண்ணுமில்ல, எல்லாம் முடிஞ்சாச்சு.” மிர்த்தா ஒரு தாளை நீட்டினார். கல்வி மேலதிகாரிக்குக் கடிதம். தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. உதவியாளர் இர்மா குவாத்ரோவை உடனே பணியிலிருந்து நிறுத்தும்படி வேண்டுகிறேன் என்று கடைசி வரி சொன்னது.

“ஒரு மணி பஸ்ல போகணும். நீ புகார்ல ஒரு நம்பர் மட்டும் போட்டுக் குடு.”

“இர்மாதான்னு எப்படித் தெரியும் டீச்சர்?”

“பூட்டு உடையல. சாவி என் கழுத்துல. அப்போ பூட்டுறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கணும். நாங்க எல்லாரும் ஒரே மேசைல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துட்டு இருந்தோம். நடுவுல எழுந்து போனது அவ ஒருத்திதான்.”

“எதுக்குப் போனா?”

“தண்ணி தீர்ந்துபோச்சு. காய்ச்சிட்டு வரப் போனா. போனவ போனவதான், ரொம்ப நேரம் கழிச்சு வந்தா. அடுக்களைக்கு எதிர்லதான் நூலகம். நீயே பார்த்துக்கோ.”

சுல்மா பார்த்தாள். நூலக அலமாரியில் தூசியின் நடுவே ஒரு நீள்சதுரம் சுத்தமாக இருந்தது. பெரிய அகராதி ஒன்றைப் படுக்கவைத்த அளவு. அதை ஒட்டினாற்போல ஒரு செருப்புப் பெட்டி. மூடியைத் திறந்தாள். உள்ளே செல்போன்கள். மேலே கிடந்த ஒன்றின் பொத்தானை அழுத்தினாள். திரை பளிச்சென்று எரிந்தது.

“டீச்சர், இது உயிரோட இருக்கு.”

“ஆமா, டாக்டர் வீட்டுப் பொண்ணு குடுத்தது. புது மாடல் வாங்கிட்டாளாம்.”

“இதைப் பைல போட்டா யாருக்கும் தெரியாது. நாளைக்கே விக்கலாம். இதை விட்டுட்டு, செத்துப்போன இரும்புப் பெட்டியைத் தூக்கிட்டுப் போற திருடனை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“அவசரத்துல கையில எது கிடைச்சுதோ அது” என்றார் மிர்த்தா. ஆனால் அவர் குரலில் முதல் தடவையாக ஒரு நூல் பிசிறியது.

இர்மா அடுக்களையில் மதியச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

“என் பையைத் திறந்து பார்த்துட்டாங்க” என்றாள், கேட்பதற்கு முன்பே. “சமையல்காரி முன்னாடி, பிள்ளைங்க முன்னாடி. ரெண்டு தோர்த்தா ஃப்ரித்தா இருந்துச்சு. என் மகனுக்கு எடுத்து வெச்சது. அதையும் மேசைல எடுத்து வெச்சுக் காட்டினாங்க.”

“நேத்து நடந்ததைச் சொல்லு.”

“தண்ணி தீர்ந்துச்சு. கரீனா டீச்சர் ஃபிளாஸ்க்கைக் கவுத்துக் காட்டினாங்க. நான்தான நடைவழிப் பக்கம் இருந்தேன், எழுந்தேன். வேற யாருக்காச்சும் நிரப்பணுமான்னு கேட்டேன். யாரும் வாயத் திறக்கல. வந்து அடுப்பைப் பத்த வெச்சா கேஸ் தீர்ந்துபோச்சு. சிலிண்டர் மாத்தினேன். அடுத்த ஈடு பொரிக்க எண்ணெய் வேற காய்ஞ்சுட்டிருந்துச்சு. அந்தக் குழப்பத்துல தண்ணி தளதளன்னு கொதிச்சிருச்சு, மத்தேத் தண்ணி கொதிக்கவே கூடாது. இலை கருகிப்போச்சுன்னு எல்லாரும் ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னாங்க.”

“நூலகத்துக்குள்ள போனியா?”

“எதுக்குப் போகணும்?” கத்தி நின்றது. “சார்ஜென்ட், கடிதம் போனா அவ்வளவுதான். விசாரணை அப்புறம், நிறுத்துறது முதல்ல. இந்த ஊர்ல திருடின்னு ஒரு தடவை பேர் வந்துட்டா, வீடு கூட்டுற வேலைக்குக்கூட எவனும் கூப்பிட மாட்டான். உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். சுல்மா கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்றாக இன்னும் கொஞ்ச நேரம்.

கரீனா வகுப்பு வாசலிலேயே நின்று பேசினாள். ஒரு கண் பிள்ளைகள்மேல்.

“நீங்க நேத்துப் பெரிய மழைக்கோட்டு போட்டுட்டு வந்தீங்களாம்” என்றாள் சுல்மா.

“ஓ, இப்ப நானா? கோட்டு கூடத்து ஆணியில தொங்குச்சு. சொட்டுதுன்னு ஹெச்செம் டீச்சர் ரெண்டு தடவை திட்டினாங்க, அவங்களையே கேளுங்க.” பிறகு கோபம் வேறு பக்கம் திரும்பியது. “இந்தப் பழைய சாமான் வேலையே எங்களுக்குத் தேவையில்ல சார்ஜென்ட். ஒவ்வொரு வருஷமும் ஆறாம் வகுப்பைச் சுற்றுலா கூட்டிட்டுப் போறது பெற்றோர் குழுக் காசுதான். இந்த வருஷம் தொன் ஏபெர் தர மாட்டேன்னுட்டாரு. தேசபிதா சிலையை எங்க பசங்க பந்தடிச்சு உடைச்சுட்டாங்களாம், அதுக்குத் தண்டனையாம்.”

“உடைச்சாங்களா?”

“பழைய பாட்டு இரவு முடிஞ்சு விடிஞ்சுதே, ஆகஸ்ட்ல, அன்னைக்குக் காலைலதான் சிலை கீழ கிடந்துச்சு. முந்தின ராத்திரி ஊரே ஆடிட்டு இருந்தது. விடிஞ்சா சுதந்திர தினம், லீவு. பசங்க எப்போ வந்து பந்து விளையாடினாங்க? கேட்டா, ‘நீ சின்னப் பொண்ணு, பேசாத’ன்னாரு.”

சிலை பள்ளி வாசலில் இருந்தது. இப்போது வெறும் பீடம், வண்டி இடிக்கும் உயரத்தில் ஒரு மூலை பெயர்ந்து, மழையில் நனைந்துகொண்டிருந்தது. தெருவுக்கு அந்தப் பக்கம் நேர் எதிரே மருந்துக்கடை. கதவுக்கு மேலே கண்கொட்டாமல் ஒரு கேமரா.

சுல்மா தெருவைக் கடந்தாள்.

“என் பெட்டியை நானே திருடினேனான்னு கேக்க வந்தியா?” என்றார் ஒராசியோ. “திருடியிருந்தா எங்கிட்டயே வித்திருப்பேன், கமிஷன் மிச்சம்.”

“அது எப்போ செத்துச்சு?”

“சாண்டா ரோசா புயல்ல. ஆகஸ்ட் கடைசி. ஒரு மின்னல், ‘டப்’புன்னு ஒரு சத்தம், கருகின வாடை. அன்னைக்கே கழட்டிட்டுப் புதுசு மாட்டிட்டேன்.”

“உள்ளே பதிவு இருக்குமா?”

“இருக்கலாம். எரிஞ்சது மின்சாரம் வர்ற பகுதிதான்னு மெக்கானிக் சொன்னான். நேத்து அலமாரில வைக்கும்போதுகூட எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சேன், ‘ஜாக்கிரதை, ஆகஸ்ட் மாசம் முழுக்க இதுக்குள்ள தூங்குது’ன்னு.”

“எல்லார்னா?”

“எல்லாரும்தான். அப்போ எல்லாரும் சாமான் தூக்கிட்டு இருந்தோம். அப்புறம் நாங்க போய் உட்கார்ந்துட்டோம். ஏபெர் மட்டும் வண்டில இன்னொரு டிவி இருக்குன்னு திரும்பிப் போனாரு.”

சுல்மா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். மருந்துக்கடைக்காரர் தன் பெட்டியையே திரும்ப எடுக்கக் காரணம் இருக்கலாம்; கரீனாவுக்குப் பெற்றோர் குழுமேல் கோபம் இருந்தது; இர்மா எழுந்து போயிருந்தாள். சந்தேகத்துக்கு ஆள் பஞ்சமில்லை. பிடிமானம்தான் இல்லை.

அவள் திரும்பியபோது தொன் ஏபெர் பள்ளி வராந்தாவில் நின்றிருந்தார், தோளில் அதே தோல்பையோடு.

“என்ன சார்ஜென்ட் அம்மா, தகர டப்பா காணாமப் போனதுக்குத் தலைநகர்லருந்து ஆள் வருமா?”

“நான் போதும்னு நினைக்கிறேன் தொன் ஏபெர். நேத்து நீங்க என்ன கொண்டுவந்தீங்க, என்ன கொண்டுபோனீங்க?”

“கொண்டுவந்தது டிவி. கொண்டுபோனது இந்தத் தோல்பை. ஃபிளாஸ்க், குடுவை, இலை. ஆம்பிளை வேற எதைத் தூக்கிட்டுத் திரிவான்?” சிரித்தார். “அந்த இர்மாவை விடாதீங்க. திருட்டு கிடக்கட்டும், இலையைக் கருக்கின பாவத்துக்கே வேலையை விட்டுத் தூக்கணும். என் நாக்கு வெந்துபோச்சு. இன்னிக்குக் காலைல ரொட்டி தின்ன முடியல.”

சுல்மா தலையாட்டிவிட்டு நடைவழிக்குள் போனாள்.

பதினொன்றே முக்கால்.

நடைவழிச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு பக்கம் அடுக்களை, ஒரு பக்கம் நூலகம், எதிரே கூடம். மிர்த்தா அலுவலறையில் உறையின்மேல் முகவரி எழுதும் சத்தம்கூடக் கேட்பதுபோல் இருந்தது. யோசிக்க மத்தே வேண்டும். ஃபிளாஸ்க்கைக் குடுவைமேல் கவிழ்த்தாள். ‘களுக்’ என்றது. இரண்டு சொட்டு விழுந்தது. அவ்வளவுதான்.

ஒராசியோ பின்னாலேயே வந்திருந்தார். லாரி எப்போது வரும், மழை எப்போது விடும் என்று கரீனாவோடு பேசிக்கொண்டே, பேச்சை நிறுத்தாமல், சுல்மாவின் முகத்தைக்கூடப் பார்க்காமல், தன் ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி அவள் குடுவையில் ஊற்றினார். ஊற்றிவிட்டு மறுபடி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

சுல்மா குடிக்கவில்லை. குடுவையைப் பார்த்தபடியே நின்றாள்.

“ஏன் ஊத்தினீங்க?”

“என்னது?”

“எனக்கு ஏன் தண்ணி ஊத்தினீங்க? நான் கேக்கலையே.”

ஒராசியோ கரீனாவைப் பார்த்தார். “இவளுக்கு மழைல நனைஞ்சு காய்ச்சல் வந்துருச்சு. தண்ணி தீர்ந்துபோச்சுன்னா பக்கத்துல இருக்கிறவன் ஊத்தாம என்ன பண்ணுவான்? இதை ஒரு கேள்வின்னு கேக்கற.”

“நேத்து உங்க ஃபிளாஸ்க் எங்க?”

“கடைல விட்டுட்டு வந்துட்டேன். மேசைல கரீனாவோடது இருந்ததே.”

“சரி. எல்லாரையும் கூடத்துக்கு வரச்சொல்லுங்க. நேத்து உட்கார்ந்த அதே இடத்துல.”

பன்னிரண்டே கால்.

தலைமாட்டில் மிர்த்தா, கையில் கடிதம். கரீனா, ஒராசியோ. எதிரே இர்மா, ஈரக் கையை ஏப்ரனில் துடைத்தபடி. கால்மாட்டில் தொன் ஏபெர். தோல்பை நாற்காலிக்கு அடியில் போனது, பூட்ஸ்கள் இரண்டும் அதை அணைத்துக்கொண்டன. பழக்கம்.

சுல்மா தன் காலி ஃபிளாஸ்க்கை மேசை நடுவில் வைத்தாள்.

“தண்ணி தீர்ந்துபோச்சு” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஒராசியோவின் கை தானாகத் தன் ஃபிளாஸ்க்குக்குப் போயிற்று. சுல்மா வேண்டாம் என்று சைகை காட்டினாள்.

“இர்மா, நேத்து தண்ணி தீர்ந்தப்போ நீ எழுந்து நின்னு என்ன கேட்ட?”

“வேற யாருக்காச்சும் ஃபிளாஸ்க் நிரப்பணுமான்னு.”

“எல்லாரும் கேட்டீங்களா?”

“கேட்டோம்” என்றாள் கரீனா. மிர்த்தாவும் தலையசைத்தார்.

“தொன் ஏபெர், நேத்து உங்க தோல்பைல என்ன இருந்ததுன்னு சொன்னீங்க?”

“ஃபிளாஸ்க், குடுவை, இலை. எத்தனை தடவை சொல்றது?”

“ஃபிளாஸ்க்ல தண்ணி இருந்ததா?”

ஏபெர் வாயைத் திறந்தார். பிறகு, பதில் சொல்வதற்கு முன்னால் யோசித்தார். அந்த ஒரு நொடி யோசனையை அறையில் எல்லாரும் பார்த்தார்கள்.

“இருந்ததுன்னு வெச்சுக்குவோம்” என்றாள் சுல்மா. “ஒரு சுற்று பாதியில வறண்டு நிக்குது. அஞ்சு பேர் காத்திருக்காங்க. மழைக்காலம். உங்க காலடியில ஒரு ஃபிளாஸ்க் நிறைய வெந்நீர். நீங்க எடுத்து ஊத்தல. இந்த நாட்டுல அப்படி ஒரு மனுஷனை நான் பார்த்ததில்ல. எதிரிக்குக்கூட ஊத்துவாங்க, ஊத்திட்டு அப்புறம் சண்டை போடுவாங்க. அதுவும் போகட்டும். கருகின மத்தேயைக் குடிச்சு நாக்கு வெந்து, இர்மாவைத் திட்டினீங்களே. அப்பவும் ஊத்தல.”

“தீர்ந்துபோயிருந்தது. காலி.”

“காலின்னா இன்னும் மோசம். நிரப்பணுமான்னு ஒருத்தி நின்னு கேக்கறா. காலி ஃபிளாஸ்க்கோட உட்கார்ந்திருக்கிறவன் நீட்ட மாட்டானா? தண்ணி இருந்தா ஊத்தியிருப்பீங்க. இல்லன்னா நிரப்பக் குடுத்திருப்பீங்க. ரெண்டும் செய்யலன்னா ஒண்ணுதான் மிச்சம். பைக்குள்ள ஃபிளாஸ்க்கே இல்ல. வண்டியில விட்டுட்டு வந்திருக்கீங்க. அப்போ அந்தப் பைல என்ன இருந்துச்சு? இப்படி ரெண்டு பூட்ஸுக்கும் நடுவுல பொத்திப் பொத்தி வெச்சுக்கற மாதிரி?”

ஏபெர் தன் கால்களைப் பார்த்தார். மெல்ல விலக்கிக்கொண்டார்.

“மடியில கனம் இருந்தா வழியில பயம்னு சொல்லுவாங்க. உங்களுக்குக் கனம் காலடியில இருந்துச்சு. ‘ஆகஸ்ட் மாசம் இதுக்குள்ள தூங்குது’ன்னு ஒராசியோ சொன்னதும் வண்டிக்குத் திரும்பிப் போனீங்க. பையைக் காலி பண்ணினீங்க. டிவியை நூலகத்துல வெச்சப்போ நீங்க மட்டும்தான் அங்க. பெட்டி பைக்குள்ள போச்சு. இர்மா எழுந்திருக்கும் முன்னாடியே திருட்டு முடிஞ்சுபோச்சு டீச்சர். அவ தண்ணி காய்ச்சத்தான் போனா.”

மிர்த்தாவின் கையில் இருந்த தாள் மெல்ல மேசையில் இறங்கியது.

“ஆகஸ்ட்ல என்ன?” என்றாள் கரீனா, பதில் தெரிந்த குரலில்.

“பழைய பாட்டு இரவு” என்றாள் சுல்மா. “ஆடி முடிச்சு, குடிச்ச மயக்கத்துல வண்டியைப் பின்னால எடுத்தவர் யாருன்னு அவரே சொல்லட்டும்.”

 தொன் ஏபெர் மேசையைப் பார்த்தே பேசினார். அது தீவனக்கடை முதலாளியின் குரலாக இல்லை.

“சின்னதா ஒரு இடி. கல்லுன்னு நினைச்சேன். காலைல கொடியேத்த வந்தா, தலை கீழ கிடக்குது. நான்தான் விழாத் தலைவர். எல்லாரும் என்னைப் பார்க்கிறாங்க. பசங்க பந்தடிச்சிருப்பாங்கன்னு வாயில வந்துடுச்சு. சொன்னதுக்கு அப்புறம் எப்படித் திரும்ப எடுக்கறது?”

“எங்க பசங்க மூணு மாசமாத் தலை குனிஞ்சுட்டு நடந்தாங்க” என்றாள் கரீனா. “நீங்க காசு தர மாட்டேன்னதாலதான் பழைய சாமான் கேட்டு வீடு வீடாப் போனாங்க. போனதாலதான் அந்தப் பெட்டி இங்க வந்துச்சு.”

“பெட்டி எங்க?” என்றாள் சுல்மா.

“கடைல. ஓட்ஸ் மூட்டைக்குள்ள.” ஏபெர் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். “உன் கேமரா தெருவையே பார்த்துட்டு இருக்குதே ஒராசியோ. தினமும் அந்த வழியா வரும்போது என்னையே பார்த்துச்சு.”

ஒராசியோ மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத முகம்.

“கதவுக்கு மேல இருக்கறதா? அது வெறும் கூடு ஏபெர். திருடன் பயப்படட்டும்னு மாட்டினது, உள்ள ஒரு கம்பிகூடக் கிடையாது. பதிவுப் பெட்டிக்கு வர்றது உள்ள இருக்கிற கேமரா. அது கல்லாவைத் தவிர வேற எதையும் பார்த்ததில்ல. ஆகஸ்ட் முழுக்க என் வழுக்கைத் தலைதான் இருக்கும் அதுல.”

தொன் ஏபெர் எழுந்தார். தோல்பையை எடுக்கக்கூட மறந்து வாசலை நோக்கி நடந்தார். “வண்டிலயே உட்காருங்க” என்று சுல்மா குரல் கொடுத்தாள். “பெட்டியை எடுத்துட்டு நிலையத்துக்குப் போவோம். நான்தான் ஓட்டுவேன்.”

பன்னிரண்டு நாற்பது.

மிர்த்தா பழைய கடிதத்தை நான்காகக் கிழித்தார். தட்டச்சுப் பொறிக்குப் போக நேரமில்லை. அங்கேயே, சார்ஜர்களைத் தள்ளிவிட்டு, கையால் எழுத ஆரம்பித்தார். சிலையை உடைத்தது யார், பெட்டியை எடுத்தது யார், ஆறாம் வகுப்பின்மேல் எந்தக் குற்றமும் இல்லை, உதவியாளர் இர்மா குவாத்ரோவின்மேல் எந்தக் குற்றமும் இல்லை. எழுதி முடித்து வாசித்தும் காட்டினார். பிறகு பேனாவை மூடாமல் இர்மாவைப் பார்த்தார்.

“உன் பையைத் திறந்தது என் தப்பு இர்மா.”

இர்மா தன் கைகளைப் பார்த்தாள். பூசணிக்காயின் மஞ்சள் இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

“வாயால சொன்னா இந்தக் கூடத்தோட போயிடும் டீச்சர்” என்றாள். “அதையும் எழுதுங்க.”

மிர்த்தாவின் காது சிவந்தது. எழுதினார். தோர்த்தா ஃப்ரித்தா இரண்டையும்கூட எழுதினார். கையெழுத்துப் போட்டு மடித்து உறைக்குள் வைத்தார். உறையின் பசையை நாக்கால் நனைக்கப் போனவர் முகத்தைச் சுளித்து நிறுத்தினார். நேற்றுக் கொதித்த தண்ணீர் அவர் நாக்கையும் விட்டுவைக்கவில்லை.

இர்மா குனிந்தாள். கால்மாட்டு நாற்காலிக்கு அடியில் அனாதையாகக் கிடந்த தோல்பையைத் திறந்து ஃபிளாஸ்க்கை எடுத்தாள். நிறைய இருந்தது, ஆவி பறந்தது. மூடியில் கொஞ்சம் ஊற்றி, விரலை நனைத்து, உறையின் விளிம்பில் ஒரே இழுப்பாக இழுத்தாள். மிர்த்தா உள்ளங்கையால் அழுத்தி ஒட்டினார்.

மிச்சத் தண்ணீரைக் கரீனா குடுவையில் ஊற்றி முதலில் இர்மாவிடம் கொடுத்தாள்.

முனையில் பஸ் ஹாரன் அடித்தது. இர்மா ஒரு கையில் குடுவையும் மறு கையில் உறையுமாக மழையில் ஓடினாள். நடத்துநர் படியில் நின்றபடியே உறையை வாங்கி முகவரியைப் பார்த்து, நனையாமல் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பஸ் கிளம்பியது.